நேர்ஸ் அக்கா எடுத்து வைத்த சீலை

அம்மாவின் அலுமாரியில் ஒரு ஹாங்கர் வெறுமையாகத் தொங்குகிறது. மரத்தில் செய்த பழைய ஹாங்கர். அதன் கழுத்தில் சணல் நூலால் கட்டிய சின்ன அட்டை ஒன்று இருக்கிறது. நீதிமன்றத்தில் யாரோ எழுதிய சான்றுப்பொருள் இலக்கம் அதில் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் உள்ள இந்த வீட்டுக்கு நான் குடிவந்த பிறகு அலுமாரியைப் பலமுறை ஒழுங்குபடுத்திவிட்டேன். அந்த ஹாங்கரை மட்டும் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு மற்றவற்றில் என் உடுப்புகளை மாட்டிக்கொள்கிறேன். எறிந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எறியலாம்தான். கை போகவில்லை.

அதில் ஒருகாலத்தில் தொங்கியது அம்மாவின் காஞ்சிபுரச் சீலை. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்தது. தம்பியின் கலியாணத்துக்கு உடுத்திவிட்டு, அவன் கனடாவுக்குப் போன பிறகு அம்மா அதை வெளியே எடுக்கவே இல்லை. அதை எடுத்து அயன் பண்ணி மாட்டி வைத்தவர் நேர்ஸ் அக்கா. கொலைகாரி என்று தீர்ப்பான ஒருத்தியை 'அவர்' என்று எழுதுகிறாயே என்று என் சிநேகிதி கோபிக்கிறாள். பத்திரிகைகள் எல்லாம் 'அவள்' என்றுதான் எழுதின. எனக்கு அது வரவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, கழுத்துக்குப் பவுடர் போட்டுவிட்ட மனுஷி. வெறுப்பு வேறு, வாய்ப்பழக்கம் வேறு.

எங்கள் மாடிவீட்டுத் தொகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிப்டில் ஏறினால் ஏறக்குறைய ஒவ்வொரு மாடியிலும் ஒரு வயதான அம்மா தனியாக இருப்பார். பிள்ளைகள் கனடா, லண்டன், அவுஸ்திரேலியா. வரவேற்பறையில் பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள், சாப்பாட்டு மேசையில் சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்குமான மருந்துகள். நேர்ஸ் அக்கா கொட்டாஞ்சேனையில் இருந்து காலை பஸ்ஸில் வந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குவார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் ஒரு கறுத்த பை. முறையாகப் படித்த நேர்ஸ் இல்லை, மத்திய கிழக்கில் ஒரு கிழவரைப் பராமரித்து ஊசி போடப் பழகியவர் என்பது பிறகு நீதிமன்றத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போது யாரும் கேட்கவில்லை. அவ்வளவு மென்மையான கை அவருக்கு. அம்மா, "இந்தப் பிள்ளை ஊசி போட்டால் எறும்பு கடிச்ச மாதிரியும் இல்லை" என்பார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் நேர்ஸ் அக்கா கொச்சிக்கடைக் கோவிலுக்குப் போய்விட்டுப் பிந்தி வருவார். அன்றைக்கு அம்மாவுக்கு எதுவும் சரிவராது. தேத்தண்ணியில் சாயம் போதாது, கதவைக் காற்று அடிக்கிறது என்று என்னைத் தொலைபேசியில் பிடித்து வைத்துக்கொள்வார்.

ஒரு வீட்டில் யாராவது தவறிப்போனால் நேர்ஸ் அக்காதான் முதலில் நிற்பார். கண்ணை மூடிவிடுவார், தாடையைக் கட்டுவார், டொக்டரைக் கூப்பிடுவார், பிரேதம் எடுக்க மலர்ச்சாலைக்காரர் வருவதற்குள் சீலையை மாற்றி உடுத்திவிடுவார். இறந்த உடம்புக்குச் சீலை உடுத்துவது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் உடுத்திவிட்டால் கொசுவம் ஒரு விரல்கூட விலகாது. பிள்ளைகள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வந்து முதலில் அவரைத்தான் கட்டிப்பிடித்து அழுவார்கள். "அம்மா கடைசியா என்ன சொன்னவ?" என்று அவரைத்தான் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல அவரிடம் ஏதாவது இருக்கும். செத்தவீடு முடியும்வரை அவர்தான் அந்த வீட்டு மகள். நானே சில செத்தவீடுகளில் அதைப் பார்த்து, இப்படி ஒரு மனுஷி கிடைத்தது எங்கள் புண்ணியம் என்று நினைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அப்போது குடியிருந்த நுகேகொடையில் இருந்து வந்தபோது நேர்ஸ் அக்கா சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்து அந்தக் காஞ்சிபுரச் சீலையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். கொசுவத்தை முன்கூட்டியே மடித்து, மடிப்புக் குலையாமல் ஊசி குத்தி, அதன் மேல் மெல்லிய துணி போட்டு அழுத்தினார். அம்மா சோபாவில் கால் நீட்டி இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சின்னப்பிள்ளைச் சந்தோஷம்.

"எங்க போறதுக்கு இந்த எடுப்பு?" என்று நான் பகிடியாகக் கேட்டேன்.

"அம்மாக்கு ஒரு நல்ல நாள் வரும் தானே, தங்கச்சி. ரெடியா இருக்கட்டும்" என்றார் நேர்ஸ் அக்கா.

"அவன் வந்தால்தான் எனக்கு நல்ல நாள்" என்றார் அம்மா. தம்பியைத்தான் சொன்னார். அந்த நாட்களில் அவருக்கு வேறு பேச்சே இல்லை. அவன் முகத்தை ஒருக்காப் பார்த்தால் போதும் என்று எல்லோருக்கும் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி கனடாவில் இருந்து எடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறவன்தான். அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் தொலைபேசி எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும். சாப்பிட்டீர்களா, மழையா என்று வழக்கமாகக் கேட்டுவிட்டு, அன்றைக்கு அவன் சொன்னான்: "டிசம்பரில வாறன் அம்மா. டிக்கட் பாத்துக்கொண்டிருக்கிறன்."

நேர்ஸ் அக்கா அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். தம்பி போனை வைத்தபின் அயன்பெட்டிச் சுவிட்சை அணைத்தார். சீலையை ஹாங்கரில் போட்டு, கரையை நீவிவிட்டு, அலுமாரிக்குள் கொண்டுபோய் மாட்டினார். திரும்பி வந்து அம்மாவின் கன்னத்தைத் தடவி, "அப்ப சரி அம்மா. மகன் வாறார் தானே" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்து நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே கீழ்மாடி ரீச்சர் தூக்கத்தில் இறந்துபோனார். ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர், அம்மாவுடன் பின்னேரங்களில் கடற்காற்று வாங்கப் போகிறவர். அவருடைய மகள் இங்கிலாந்தில் டொக்டர். வந்திறங்கிய மகள் நேர்ஸ் அக்காவைக் கட்டிப்பிடித்து அழவில்லை. உடம்பைப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்துவிட்டு, மரண விசாரணை வைக்காமல் எடுக்க விடமாட்டேன் என்று பொலிஸுக்குப் போனாள். ஒழுங்கை முழுவதும் அவளைத் திட்டியது. தாயை உயிரோடு எட்டிப் பார்க்காதவள் பிணத்தை வெட்டப் பார்க்கிறாள் என்று பேசினோம். பேசினோம் என்றுதான் எழுத வேண்டும், நானும் அங்கே நின்றேன். நேர்ஸ் அக்கா மட்டும் அவளுக்கு ஒரு கோப்பை பால் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார்.

இரத்தப் பரிசோதனையில் ஊசி மருந்து அளவுக்கு மீறி இருந்தது தெரிந்ததும் பொலிஸார் நேர்ஸ் அக்காவைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். புதைத்திருந்த இரண்டு பேரைத் தோண்டிச் சோதித்தபின் மூன்று அம்மாக்களின் மரணங்களுக்கு வழக்குப் போட்டார்கள். அதற்கு முன்னால் போனவர்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அவர்களைக் கனத்தை மயானத்தில் எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று. இன்றைக்கும் ஒழுங்கையில் யாரையாவது கண்டால், தங்கள் தாய் எப்படிப் போனார் என்ற கேள்வி அவர்கள் முகத்தில் வந்து நிற்கிறது. நானும் வேறு எதையாவது கதைத்துவிட்டு நடக்கிறேன்.

நீதவானுக்கு முன்னால் நேர்ஸ் அக்கா கொடுத்த வாக்குமூலத்தை விசாரணையில் தமிழில் வாசித்தார்கள். சாட்சி சொல்வதற்காக அம்மாவை நான் கூட்டிப்போயிருந்தேன். எனக்கு அடுத்த கதிரையில் ரீச்சரின் மகள். நகைக்காகவோ சொத்துக்காகவோ செய்திருப்பார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வாசித்தது வேறு. "அந்த அம்மாமார் பிள்ளைகளைக் கேட்டு ஒவ்வொரு நாளும் அழுவாங்க. போன் எடுத்துச் சொன்னா ஒருத்தரும் வர மாட்டாங்க. செத்த வீட்டுக்கு எல்லாரும் வருவாங்க. நான் வர வைச்சேன். பிள்ளைகள் வந்து சுத்தி நிக்கிறப்போ அந்த முகங்களைப் பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கும்." பிறகு அம்மாவின் சீலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் முன்கூட்டியே சீலையை எடுத்து வைத்தது வேறு வீடுகளிலும் தெரியவந்திருந்தது. அதற்கு அவர் பதில்: "அந்த அம்மாக்கும் அந்த ராத்திரிக்குத்தான் நினைச்சேன். மகன் வாறேன்னு சொல்லிட்டார். பிறகு என்னத்துக்கு?"

ரீச்சரின் மகள் எழுந்து வெளியே போனாள். அம்மாவின் கை என் கைக்குள் இருந்தது. அதை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஏனென்றால், தம்பி டிசம்பரில் வரவில்லை. டிக்கட்டும் எடுக்கவில்லை. வேலையில் லீவு தரவில்லை, சின்னவளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை என்று ஏதோ காரணம். அவன் ஒவ்வொரு வருஷமும் சொல்கிற 'வாறன்'தான் அது. ஸ்பீக்கரில் வந்த அந்த வெறும் வாய்ச்சொல்தான் அம்மாவைக் காப்பாற்றியது. அது பொய்யென்று தெரியவருவதற்குள் நேர்ஸ் அக்கா பிடிபட்டு மறியலில் இருந்தார்.

தீர்ப்பு நாளில், இங்கத்தைய வழக்கப்படி, நீதிமன்றத்தின் மின்விசிறிகளை நிறுத்தினார்கள், விளக்குகளை அணைத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். அந்த மங்கலில் மரண தண்டனை வாசிக்கப்பட்டது. இந்த நாட்டில் அதை நிறைவேற்றுவதில்லை, ஆயுள் முழுக்க உள்ளே இருக்க வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். வெளியே நடையில் அம்மா பொல்லை ஊன்றி நின்றபோது நேர்ஸ் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மெலிந்திருந்தார். அம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வீட்டில் காலையில் கதவைத் திறந்ததும் சிரிக்கிற அதே சிரிப்பு.

"அம்மா, மகன் வந்தாரா?" என்று கேட்டார்.

அம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தார். "ஓம் பிள்ளை. வந்தவன்" என்றார்.

"நல்லது அம்மா" என்றபடி அவர் போனார். காரில் ஏறியதும் அம்மா அழுதார். எதற்காக அழுதார், எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பயத்திலா, மகனைக் காட்டிக்கொடுக்க மனம் வராமலா, அந்த மனுஷியின் மனம் நோகக்கூடாது என்றா? மூன்றும் இருந்திருக்கலாம். கடைசி யோசனைதான் என்னை இன்றைக்கும் விடுவதில்லை.

மேன்முறையீடும் முடிந்தபின் சீலையைத் திருப்பித் தந்தார்கள். அதே ஹாங்கர், அட்டை கட்டியபடி. எரித்துவிடுவோம் என்றேன். அம்மா விடவில்லை. "என்ர பிள்ளை சொன்ன சொல்லால தப்பின சீலை அது. நான் போகேக்க அதைத்தான் உடுத்த வேணும்" என்றார். தம்பியிடமும் தொலைபேசியில் அதையே பெருமையாகச் சொல்வார், நீதான் என்னைக் காப்பாற்றினாய் என்று. மறுபக்கத்தில் அவன் பேச்சை மாற்றி, அங்கே மழையா என்று கேட்பான். அதற்குப் பிறகும் அவன் வருஷாவருஷம் வாறன் என்றான். அம்மா வருஷாவருஷம் நம்பினார்.

அம்மா நெஞ்சில் சளி பிடித்து, என் கண் முன்னால், டொக்டர்கள் சுற்றி நிற்க ஆஸ்பத்திரியில் போனார். ஒரு மரணத்தில் சந்தேகம் இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும். சீலையை நான்தான் உடுத்தினேன். நேர்ஸ் அக்கா குத்திய ஊசிகள் கொசுவத்தில் அப்படியே துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு என் கையால் புதிதாக மடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. இத்தனை வருஷம் கிடந்த துணி தன்பாட்டில் அவர் போட்ட மடிப்புகளிலேயே போய் விழுந்தது. நான் எப்படி இழுத்தாலும் அங்கேயே விழுந்தது. கடைசியில் அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் தம்பி வந்தான். விமான நிலையத்தில் இருந்து நேரே மலர்ச்சாலைக்கு வந்து என் தோளில் விழுந்தான். "வாறன் வாறன் எண்டு ஏமாத்திப்போட்டன் அக்கா" என்று கதறினான். நான் அவன் முதுகைத் தடவினேன். "இல்லையடா. நீ அப்பிடிச் சொன்னபடியால்தான் அம்மா இவ்வளவு காலம் இருந்தவ" என்றேன். அது உண்மை. அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்து, "எவ்வளவு அமைதியா இருக்கிறா" என்றான். நீதிமன்றத்தில் வாசித்த அந்தச் சொற்கள் காதில் விழ, நான் வெளியே நடந்தேன். அவன் பின்னால் வந்து தோளைப் பிடித்தான், துக்கம் என்று நினைத்திருப்பான்.

இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எடுக்கிறான். அடுத்த வருஷம் கட்டாயம் வாறன் அக்கா என்கிறான். ஓம், வா என்கிறேன். என் மகளும் மெல்பேர்னில் இருந்து அதையேதான் சொல்கிறாள். அவளை வரச்சொல்லி யாருக்கு முன்னாலும் நான் கண்ணீர் விடுவதில்லை. பேசி முடித்து அலுமாரியைத் திறந்தால் அந்த ஹாங்கர் லேசாக ஆடும். தோய்த்த சீலைகளை மற்ற ஹாங்கர்களில் நெருக்கி மாட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறேன். அதில் மட்டும் இன்றுவரை என் சீலை எதையும் மாட்டவில்லை.