ஒரு கம்பத்தில் இரண்டு கம்பி

தெருவில் அவளுக்குச் 'சைகைக்காரி' என்று பெயர். முகத்துக்கு நேரே 'சைகை டீச்சர்' என்பார்கள். அவள் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. வீட்டு முன்னறைச் சுவரில் சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிட்டு, கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, கேமரா முன் உட்கார்ந்து, மருத்துவருக்கும் காது கேளாத நோயாளிக்கும் நடுவே பேச்சை மாற்றிக் கொடுப்பதுதான் அவள் வேலை. மருத்துவர் சொல்வது ஹெட்செட்டில் வரும். அதை இவள் கைகள் சொல்லும். நோயாளியின் கைகள் சொல்வதை இவள் வாய் சொல்லும். எல்லாம் வீடியோவில்.

இதற்கு அவளைப் பழக்கியது பள்ளிக்கூடம் அல்ல, அண்ணன். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஐந்து வயதிலிருந்து அவனுக்குக் காது இவள்தான். மருத்துவர்கள் அப்பாவிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, "அவன்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லிடு பாப்பா" என்பார்கள். அண்ணன் இவள் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்போது விழுங்கிய பாதிகள் இன்னும் தொண்டையில் நிற்கின்றன. வளர்ந்த பிறகு ஒரு முடிவு எடுத்தாள்: கேட்டதை முழுசாகச் சொல்வேன், பாதி சொல்ல மாட்டேன். அவசரமாகப் பேசும் மருத்துவர்களை நிறுத்தி, "திரும்பச் சொல்லுங்க" என்பாள். கோபக்காரி என்று பெயர் எடுத்ததும் அப்படித்தான்.

இப்படிப்பட்டவள் தன் பிழைப்பை ஓர் இணையக் கம்பெனியை நம்பி வைத்திருந்தாள். 'நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நேரம் தடையில்லா இணைப்பு' என்பது அவர்கள் விளம்பரம். கணவர் லிஃப்ட் மெக்கானிக்; கணக்குப் போட்டுச் சிரித்தார்.

"நூத்துக்கு ஒண்ணுன்னா மாசத்துக்கு ஏழு மணி நேரம். என் லிஃப்ட் மாசம் ஏழு மணி நேரம் நடுவுல நின்னா, என்னை உள்ள வச்சுப் பூட்டிடுவாங்க!"

அந்த ஏழு மணி நேரமும் சொல்லிவைத்தாற்போல அவள் வேலை நேரத்திலேயே வந்தது. எப்போது போனது, எப்போது வந்தது என்று நோட்டில் எழுதி வந்தாள். பதினோரு மாதத்தில் முப்பத்தொரு தடவை. புகார் கொடுத்தால் ஒரு பெட்டிக்குரல், ஒன்றை அழுத்துங்கள், நான்கை அழுத்துங்கள் என்று சுற்றவிட்டு, "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று முடிக்கும்.

"செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்றார் கணவர் ஒருநாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"செவிடனுக்கு நான் சொன்னாப் புரியும்ங்க. இவனுங்களுக்கு எந்தக் கையால சொல்றது?"

அவளை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. ஒரே மாதத்தில் மூன்று அழைப்புகள் பாதியில் அறுந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். யார் தப்பு என்று கேட்க மாட்டார்கள். இந்த மாதம் முதல் வாரத்திலேயே இரண்டு அறுந்துவிட்டன. பயந்துபோய் வேறு கம்பெனியில் இன்னொரு இணைப்பும் வாங்கினாள். ஒன்று போனால் ஒன்று இருக்குமே.

அதைப் பொருத்த வந்த நரைத்தலை லைன்மேனை அடையாளம் தெரிந்தது. முதல் இணைப்பைப் பொருத்தியவரும் அவர்தான்.

"அண்ணே, நீங்க நீலச் சட்டைக் கம்பெனி இல்ல?"

"காலையில நீலம்மா, மத்தியானம் பச்சை" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்த இடத்தில் சிரிக்காமல் வாசலுக்கு வந்து ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. மருத்துவமனை அறையில் ஒரு தையல்காரப் பெண், காது கேளாதவள், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். தன் அம்மா மார்புப் புற்றுநோயில்தான் போனாள் என்று அப்போதுதான் கைகளால் சொல்லி முடித்திருந்தாள். மருத்துவர் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார்: "மார்புல கட்டி இருக்கு. ஆனா புற்றுநோய் இல்ல. வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒண்ணுமில்ல."

காதில் விழுவதற்கும் கை சொல்வதற்கும் எப்போதும் ஒரு வாக்கியம் இடைவெளி இருக்கும். இவள் காது முழுவதையும் கேட்டுவிட்டது. கைகள், 'மார்பில் கட்டி இருக்கிறது' என்பதை மட்டும் சொல்லியிருந்தன. திரை கறுத்தது.

இரண்டு இணையப் பெட்டிகளிலும் சிவப்பு விளக்கு. இரண்டிலும்! கைபேசியை எடுத்தாள். தெருவே கைபேசி இணையத்துக்குத் தாவியிருந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, படம் வரவில்லை. மருத்துவமனை வரவேற்புக்குப் பேசினாள். மருத்துவர் அவசர நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாராம். நோயாளியின் விஷயத்தை வேறு யாரிடமும் சொல்ல இவளுக்கும் உரிமை இல்லை. நல்ல செய்தி முழுசாக இவளிடம் கிடந்தது. கெட்ட பாதி மட்டும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அண்ணனுக்குக்கூட இவள் இப்படி ஒரு பாவம் செய்ததில்லை.

வாசலுக்கு ஓடி வந்தாள். முனையில் குப்பை லாரி தொட்டியைத் தூக்கியபடி நின்றது. அதில் கம்பிகள் சிக்கி, கம்பம் எதிர்வீட்டு மதிலில் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் நீலச் சட்டையில் லைன்மேன். தோள்பையிலிருந்து பச்சைச் சட்டை எட்டிப் பார்த்தது.

"அண்ணே! நீலம் போச்சு சரி, பச்சை ஏன் போச்சு?"

"ரெண்டும் இந்தக் கம்பத்துலதான்மா வருது."

"ரெண்டு கம்பெனின்னுதானே வாங்கினேன்!"

"கம்பெனிதான்மா ரெண்டு. தெருவுக்கு இருக்கறது ஒரே கம்பம். நீங்க கேக்கலையே."

"நீங்க சொல்லலையே!"

அவர் குனிந்துகொண்டார். "சொன்னா எனக்கு ரெண்டு சட்டையும் போயிடும்மா."

அவருடைய ஏணியாலேயே அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் 'கேக்கலையே' என்ற சொல்தான் அதிகம் எரிந்தது. ஊர் மருத்துவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்கிறவள் இதைக் கேட்கவில்லை.

டீ குடிக்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கணவரின் வண்டியைத் தெருவிலேயே மறித்து ஏறினாள். "ஆஸ்பத்திரிக்கு விடுங்க." கம்பத்தைக் கடக்கும்போது அவர் ஒரு பார்வை பார்த்தார்.

"ஒரே கொக்கியில ரெண்டு கயிறு. எனக்காவது தோணியிருக்கணும்."

"இப்ப பேசாம ஓட்டுங்க!"

வழியில் கைபேசி அதிர்ந்தது. வேலை கொடுத்த நிறுவனம். 'மூன்றாவது துண்டிப்பு. தங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.' ஆறு வருட வேலை ஒரு வரியில் முடிந்தது.

மருத்துவமனை நடைவழி நீளமானது. அதன் கோடியில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தையல்காரி அதே நாற்காலியில் இருந்தாள். எதிரே கறுத்த திரை. 'இரு' என்று நர்ஸ் உள்ளங்கையைக் காட்டிவிட்டுப் போனதிலிருந்து அவள் அசையவே இல்லை என்று வரவேற்பில் சொன்னார்கள். மருத்துவர் இல்லாமல் பேசக் கூடாது என்பது விதி. விதியாவது ஒன்றாவது! இவள் நடைவழியின் இந்த முனையிலிருந்தே கைகளைத் தலைக்கு மேல் தூக்கினாள். 'கட்டி இருக்கிறது. புற்றுநோய் இல்லை. இல்லை. இல்லை.'

தையல்காரி எழுந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, இவள் தோளில் ஓங்கி அடித்தாள். பிறகு அங்கேயே பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கைகளால் கேட்டாள்: 'உனக்கு இது எப்போதே தெரியும்?'

'திரை கறுக்கும் முன்பே.'

'நான் ஒரு மணி நேரம் செத்துக் கிடந்தேன்.'

சிரமத்துக்கு வருந்துகிறேன் என்று சொல்ல இவள் கைகள் எழுந்தன. அது யாருடைய வாக்கியம் என்பது நினைவுக்கு வந்து, அப்படியே கீழே விட்டாள். கம்பத்தைச் சொன்னாள், இரண்டு கம்பிகளைச் சொன்னாள், தலையைத் தூக்கிப் பார்க்காத தன் தப்பையும் சொன்னாள்.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. தையல்காரி அதைக் காட்டி, 'என்ன?' என்றாள்.

இணையக் கம்பெனியின் செய்தி. இவள் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்தில் எத்தனை தருவீர்கள்?'

தையல்காரி வலது கையை உயர்த்தி ஐந்து விரல்களையும் விரித்தாள். பிறகு, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு விரலாக மடக்கினாள். கடைசியில் முஷ்டிதான் மிஞ்சியது. அதைக் கீழே இறக்காமல் வைத்திருந்தாள். சைகைக்காரியும் தன் கையை உயர்த்தி அதே பதிலைச் சொன்னாள்.