வால் அடியில் வெள்ளை இல்லாத பறவை

தங்கவேல் அண்ணன் போய்விட்டார். காலையில் குரூப்பில் செய்தி... மாரடைப்பாம்.

எல்லோரும் கைகூப்பும் எமோஜி போடுகிறார்கள். நான் ஒன்றும் போடவில்லை. அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. இறந்த பிறகும் பிடிக்கவில்லை.

தெரியாதவர்களுக்கு... மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறை ஒன்றில் அவர் குவாலிட்டி மேனேஜர், நான் லேப் டெக்னீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் வால்பாறைக்குப் பறவை பார்க்கப் போகும் எங்கள் குரூப்புக்கும் அவர்தான் அட்மின். அங்கேயும் மனிதர் குவாலிட்டி மேனேஜர்தான். யார் என்ன படம் போட்டாலும் "ரிஜெக்ட்".

ஒருமுறை எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. சோலைக்காடு, மழை விட்ட நேரம், கிளை நுனியில் குட்டியாக ஒரு நீலம். நீலகிரி ஈப்பிடிப்பான்! நம் மலைகளின் ஈரக் காட்டை விட்டால் வேறெங்கும் கிடையாது. நானே தனியாகக் கண்டுபிடித்த முதல் பறவை.

மறுநாள் அண்ணன் என் போனை வாங்கி, துணியின் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் வைத்தார். பக்கத்தில் ஷேடு கார்டு, சாய நிறங்களின் மாதிரி அட்டை. சத்தியமாக! மர நிழலில் எடுத்த பறவைப் படத்தை டி-ஷர்ட் துணி மாதிரி மேட்ச் செய்து பார்த்தவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"ஷேடு மேட்ச் ஆகலீங்க அம்மிணி. இது வெர்டிட்டருங்க."

வெர்டிட்டர் என்பது குளிர்காலத்தில் வந்து போகும் இன்னொரு நீல ஈப்பிடிப்பான்.

"வாலைப் பாருங்ணா. அடியில ரெண்டு பக்கமும் வெள்ளை இருக்குதுங்க. வெர்டிட்டருக்கு அது கிடையாதுங்க."

"அது கறைங்க."

லேபே சிரித்தது.

அடுத்த சீசனில் அதே பறவையை அவரே எடுத்துப் போட்டார். மங்கலான படம். "வாலடி வெள்ளையைக் கவனிக்கவும். என் கண்டுபிடிப்பு" என்று கீழே எழுதியிருந்தார். லைக் குவிந்தது. நான் போன வருடமே சொன்னேன் என்று கமெண்ட் போட்டேன். டெலீட் செய்துவிட்டார்.

இன்று மதியம் குரூப்பிலிருந்து போன்.

"அண்ணனோட நீலகிரி படத்தை அஞ்சலி பேனருக்குப் பெருசு பண்ணுனா ஒடையுதுங்க. உங்களோடது பளிச்சுனு இருக்குமுங்களே, அதைக் குடுங்க..."

கறை என்று சொன்ன அதே படம். என் பறவை, அவர் தலைக்கு மேலே, அவர் பெயரில்!

அனுப்பினேன். ஆனால் வெர்டிட்டர் படம்.

ஒருவருக்கும் தெரியவில்லை. "சூப்பருங்க" என்றார்கள். குரூப்காரர்களே, இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அவிநாசி ரோட்டுத் திருப்பத்தில் பேனர் நிற்கிறது. "நீலகிரி ஈப்பிடிப்பானைக் கண்டுபிடித்தவர்" என்று பெரிய எழுத்து. மேலே, வாலில் பொட்டு வெள்ளைகூட இல்லாத பறவை. சாயங்காலம் வண்டியை நிறுத்தி ஆசை தீரப் பார்த்தேன்.

இந்த ஊரில் அதைப் பார்த்ததும் கண்டுபிடித்துக் கத்தக்கூடிய ஆள் ஒருவர்தான். அவர் பேனருக்குள் இருக்கிறார்... அதுதான் கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது.

போயிட்டு வாங்ணா. ஷேடு மேட்ச் ஆகலீங்க.