மீன் வாடை அடித்த வேலி

காலடிப்பேட்டையில் நான் குடியிருந்த ஓட்டு வீட்டில் என்னைத் தவிர மூச்சுவிடுகிற ஜீவன் அந்த நாய் ஒன்றுதான். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துத் தெற்கேயிருந்து தனியாக வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு மழை நாளில் நாய் உள்ளே புகுந்தது. துரத்தினேன், போகவில்லை. சரி, இருந்து தொலை என்று விட்டுவிட்டேன். பெயர்கூட வைக்கவில்லை. சனியனே என்று கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும்.

வீட்டில் இருந்தால்தானே வருவதற்கு! நான் பள்ளிக்கூடம் கிளம்பியதும் அதுவும் கிளம்பிவிடும். நாய் பிடிக்கிற வண்டி அடிக்கடி தெருவுக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. கூண்டில் ஏறிய நாய் திரும்பி வந்ததாக நான் கேட்டதே இல்லை. கழுத்துப்பட்டையும் முனிசிபல் லைசென்ஸ் பில்லையும் மாட்டினேன். இரண்டையும் எங்கேயோ உதறிவிட்டு வந்து நின்றது. வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவேன். கணக்கைத் தப்பாகச் சொல்லிப் பிள்ளைகளிடம் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

நாய்க்கென்று நான் மீன் வாங்குகிற அம்மாள் ஒருத்தி உண்டு. கரையோரக் குப்பத்திலிருந்து கூடையோடு வருவாள். என் புலம்பலைக் கேட்டவள், "இதுக்குப் போயி இவ்ளோ பேஜார் பண்ணிக்கினு கீறியே டீச்சரம்மா! எங்க வூட்டுல பழைய வலை கீது. எம் புருசன் வந்து வேலி கட்டிக் குடுக்கும்" என்றாள்.

கடலுக்குப் போகாத ஒரு நாளில் அவர் வந்தார். சவுக்குக் கழி நட்டு, கொல்லையைச் சுற்றி வலையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினார். அடடா, என்ன முடிச்சுகள்! "இனிமே கொசு போனாத்தான் உண்டு" என்றார்.

மறுநாள் மாலை வேலியில் பானை நுழைகிற அளவுக்கு ஓட்டை. வலையைக் கருவாடு மாதிரி மென்று துப்பியிருந்தது. நாயோ தெருமுனையில் படுத்திருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பார்க்க வந்தார்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயே, மீன் வாடை! எங்க மூக்குக்கு அது இன்னா தெரியும்? பொறந்ததுலேர்ந்து அதுலயேதான கீறோம்."

"வேலி கட்டச் சொன்னா நாய்க்கு விருந்து வெச்சிட்டு வந்துகீறியே!" என்று அவள் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

கோபத்தோடு நின்றிருந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்து, துறைமுகத்திலிருந்து விலைக்கு வருகிற பெட்டிப் பலகைகளை வாங்கினேன். மணலைத் தோண்டிவிடுமே என்று முழங்கால் ஆழத்துக்குப் புதைத்து, அடியில் செங்கல் அடுக்கச் சொன்னேன். நாய் எங்கும் போகவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று மூன்று நாள் தலை நிமிர்ந்து நடந்தேன்.

நான்காம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றாள். "நீங்க அந்தாண்ட போனதும் ஆரம்பிக்குது டீச்சர். பொழுதுக்கும் அழுதுகினே கீது."

கொல்லையில் போய்ப் பார்த்தேன். பலகையெல்லாம் நகக் கீறல், நாயின் ஒரு காலில் ரத்தம். எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. "சோறு போடுகிறேன், தண்ணீர் வைக்கிறேன், இன்னும் உனக்கு என்னடா வேண்டும்?" என்று கத்தினேன். அதற்கு வேண்டியது பேச்சுத் துணை. அது தெரியாதவளா நான்?

மீன்காரம்மாள்தான் வழி சொன்னாள். "இஸ்கூலுக்குப் போறப்ப எங்க வூட்டாண்ட வுட்டுட்டுப் போ. எங்க மணல்ல அந்த வண்டி வராது."

அப்படியே செய்தேன். வலை நூலைத் திரித்து, கரையில் கிடந்த கட்டுமரத்தில் நாயைக் கட்டினார்கள். அந்தக் கயிற்றை அது கடிக்கவே இல்லை. சுற்றிலும் வலை பழுது பார்க்கிற ஆட்கள், சண்டை, சிரிப்பு, குழந்தைகள். முதல் வாரம், மாலையில் அழைத்துப்போக வந்த என்னைக் கண்டதும் துள்ளியது. பிறகு எழுந்து நின்றது. பிறகு வால் மட்டும் ஆடியது.

ஒரு நாள் கயிற்றை அவிழ்த்து "வா" என்றேன். வரவில்லை, ஓடவும் இல்லை. ஒரு கிழவரின் காலடியில் இன்னும் நெருங்கிப் படுத்துக்கொண்டது. அவிழ்த்த கயிற்றைச் சுருட்டிக் கட்டுமரத்தின்மேல் வைத்தேன். அதற்கு இனி ஆபத்தில்லை, அதுதானே நான் கேட்டது?

"இங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

மீன்காரம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். "நீயும் செத்த நேரம் குந்திட்டுப் போயேன் டீச்சரம்மா. டீத்தண்ணி வெக்கிறேன்."

"நோட்டுப் புத்தகம் திருத்தணும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்று நான் எந்தப் பிள்ளைக்கும் எழுத்து வேலை கொடுத்திருக்கவில்லை.