கோடு அழிந்த சிலிண்டர்

பதின்மூன்று வருஷமாக ஆஸ்பத்திரி சிலிண்டர்காரருக்கு ஒரு வயிற்றெரிச்சல். சுகாதார அமைச்சர் கையெழுத்துப் போட்டு அவரைப் பதினோரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது தெரு முழுக்கத் தெரியும். அந்த அமைச்சரும் அவரும் ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் என்பதும் தெரியும். தப்பு யாருடையது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அதை அந்த மனுஷன் வாயாலேயே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், அதற்கப்புறம் கண்ணை மூடினாலும் சரி என்று இருந்தார்.

அமைச்சர் முதலில் டாக்டர். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியும் குடையுமாக அந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினார். நாற்பது கட்டில், இரண்டே டாக்டர். இன்னொருவர் மாதத்தில் பாதி நாள் லீவு. வந்தவருக்குத் தங்க இடமில்லை. எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் உடைந்த கட்டில்கள் அடைத்துக் கிடந்த அறையைத் தானே கூட்டிப் படுத்துக்கொண்டார். அதே அறையின் மறுபாதியில்தான் ஆக்சிஜன் சிலிண்டர்கள் நின்றன. அவற்றை உருட்டுகிற ஆள்தான் நம்மவர். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். வாய் சும்மா இருக்காது.

முதல் நாளே முட்டிக்கொண்டது.

"யோவ், விடியறதுக்குள்ள இப்படி உருட்டினா மனுஷன் தூங்கறதா வேண்டாமா?"

"நீங்க தூங்கினா கொறட்டைதான் வரும் டாக்டரே. நான் தூங்கினா உள்ள ஒருத்தனுக்கு மூச்சே வராது."

டாக்டர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

ஒருநாள் ஆபரேஷன் நடுவில் மாட்டிய சிலிண்டர் காலியாக இருந்தது. ஓடிப்போய் வேறொன்று மாட்டி எப்படியோ ஆளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். வெளியே வந்த டாக்டர் திட்டவில்லை. சீட்டு எண் எழுதும் கரும்பலகையிலிருந்து சாக்பீஸை எடுத்து வந்து, காலி சிலிண்டரின் தோளில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"தீர்ந்ததும் கோடு போடு. கோடு இருந்தா தொடாதே. இல்லேன்னா கண்ணை மூடிட்டு மாட்டு. புரிஞ்சுதா?"

அன்றிலிருந்து சிலிண்டர்காரரின் சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். துணி துவைக்கும்போதெல்லாம் வீட்டில் பாட்டு: "ஒரு வாத்தியாரைக் கட்டியிருந்தாலாவது இந்த சாக்பீஸுக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்."

டாக்டருக்குக் கை ராசி என்று ஜனங்கள் சொன்னார்கள். ராசியாவது ஒன்றாவது, உழைப்பு. ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் குழந்தைகள் நெஞ்சில் வைப்பார். கல்யாணமாகி வீடு பார்த்துக்கொண்ட பிறகும், காலரா வந்த வருஷம் இருபத்திரண்டு நாள் வீட்டுக்கே போகவில்லை. அவர் மனைவி கைக்குழந்தையைத் தூக்கி வந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று காட்டிவிட்டுப் போவார். இருபதடி தள்ளி நின்று மகனைப் பார்த்துக் கையாட்டிவிட்டு மறுபடி வார்டுக்குள் போவார் டாக்டர்.

அந்தப் பேரை வைத்துத்தான் கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். தேர்தலில் நிற்கலாமா என்று டாக்டர் கேட்டது சிலிண்டர்காரரிடம்தான்.

"போனா திரும்பி வரமாட்டீங்க."

"ஏன்யா, நான் என்ன செத்தா போறேன்?"

"செத்தாலாவது இங்க பிணவறைக்கு வருவீங்க. இது அதுவும் இல்ல."

போனார். ஜெயித்தார். இரண்டாம் தடவை ஜெயித்தபோது சுகாதார அமைச்சர் ஆனார். நல்லது செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சின்ன ஆஸ்பத்திரிகளில்கூட பாம்புக்கடி மருந்து கிடைத்தது, பிரசவ வார்டுகள் வந்தன. ஆனால் அவரைச் சுற்றி ஆள் சேர்ந்துகொண்டே போனது. ஆஸ்பத்திரிச் சந்தில் அவர் கார் போகும்போது கண்ணாடி ஏறியே இருந்தது.

பழைய ஆஸ்பத்திரியைப் பார்க்க அமைச்சர் வருகிறார் என்று ஒரு நாள் தகவல் வந்தது. சுவருக்கு வெள்ளை, கட்டிலுக்கு நீலம். சிலிண்டர்களையும் விடவில்லை, எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயிண்ட்.

"சார், கோடு போயிடும் சார்!" என்று சிலிண்டர்காரர் மேலாளரிடம் கத்தினார்.

"அமைச்சர் வர்ற இடத்துல கிறுக்கல் இருக்கலாமாய்யா?"

"கிறுக்கினதே அவர்தான் சார்!"

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

காலியும் நிறைந்ததும் ஒரே கறுப்பாக வரிசையில் நின்றன. மீட்டர் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் முள் ஒழுங்காக ஓடும் மீட்டர் ஒன்றுதான் இருந்தது, அதையும் அமைச்சர் பார்க்கப்போகும் வார்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

காலை பதினொரு மணி. முன் வராந்தாவில் அமைச்சரோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்வாசல் வழியாக, மூச்சு இழுத்துக்கொண்டிருந்த தையல்காரர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். சிலிண்டர்காரர் ஓடினார். பார்த்தார், கோடு இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் பழகின கை, மாட்டிவிட்டது. நாலு நிமிஷம் காற்று வந்தது, நின்றது. அடுத்ததை இழுத்து மாட்டினார், அதுவும் காலி. மூன்றாவது நிறைந்தது. ஆனால் அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

காயாத பெயிண்ட் அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் அப்பிக் கிடந்தது. தையல்காரரின் மனைவி முதலில் பார்த்தது அந்தக் கைகளைத்தான்.

ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. கவனக்குறைவு, தற்காலிகப் பணி நீக்கம். கீழே இருந்த கையெழுத்தை அவருக்கு நன்றாகத் தெரியும், எத்தனை மருந்துச் சீட்டில் பார்த்தது! இரண்டு தடவை தலைநகருக்குப் போய் அமைச்சர் அலுவலக பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்தார். "மீட்டிங்ல இருக்கார்" என்றார்கள். தையல்காரர் வீடு அடுத்த தெரு. வேலையில் திரும்பச் சேர்ந்த பிறகும், அந்தத் தெருவை விட்டுவிட்டு முக்கால் மைல் சுற்றித்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்.

அமைச்சர் அடுத்த தேர்தலில் தோற்றார். கட்சி அவரை மறந்தது. மனைவி போய்ச் சேர்ந்தார். கடைசியில் நுரையீரல் கெட்டுப்போய், மகன் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தான். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா கேக்கல. இங்கதான்னு ஒரே அடம்" என்றான். பொது வார்டில் ஜன்னலோரம் ஏழாம் நம்பர் கட்டில்.

சிலிண்டர் மாட்டப் போன நம்மவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே மாட்டினார். டாக்டரின் கை மட்டும் மெல்ல வந்து சிலிண்டரின் தோளைத் தடவிப் பார்த்தது. இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் டாக்டர் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, பக்கத்தில் வரச் சொன்னார். மூச்சுக்கு இரண்டு வார்த்தைதான் வந்தது.

"அந்த ஃபைலை... முழுசாப் படிச்சேன்யா."

சிலிண்டர்காரர் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"பெயிண்ட் அடிச்சதுல கோடு அழிஞ்சுதுன்னு... ஒரு வரி இருந்துச்சு. அதை எடுக்கச் சொன்னது நான்தான். எனக்காக அடிச்ச பெயிண்ட்... வெளிய வந்தா என் பதவி போயிருக்கும்." கொஞ்ச நேரம் காற்றுக்குத் தவித்தார். "உன் மேல தப்பில்லய்யா."

பதின்மூன்று வருஷமாக சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் தொண்டைவரை வந்தது. எலும்புக்கூடாகக் கிடந்தவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"மாஸ்க்கைப் போடுங்க டாக்டரே" என்றார். அவ்வளவுதான்.

மகன் கட்டிலின் அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தான். "அப்பா என்ன சொன்னாரு? எனக்குக் கேக்கல."

வார்டில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், நர்ஸ் இருந்தாள். இப்போது வாயைத் திறந்தால் சாயந்திரத்துக்குள் விஷயம் அடுத்த தெருவுக்குப் போய்விடும், அப்புறம் சுற்றிப் போக வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா இடுப்பிலிருந்து அப்பாவைப் பார்த்த குழந்தை முகம்தான் இது. சிலிண்டர்காரர் வால்வைத் திருகுவது போல் குனிந்துகொண்டார்.

"காத்து போதுமான்னு கேட்டாரு தம்பி."

மாஸ்க்குக்கு மேலே டாக்டரின் கண்கள் நிரம்பி, காதோரம் வழிந்தன.

மறுநாள் காலையில் அவர் விரலை அசைத்துக் கூப்பிட்டார்.

"மீட்டர் எவ்வளவு காட்டுது?"

"பாதி இருக்கு."

"நான் போனதும் வால்வை மூடிடு. மிச்சம் இருக்கறதுக்கு கோடு போட்டுடாதே. பக்கத்துக் கட்டில்காரனுக்கு உருட்டிக் கொடுத்துடு."