கண்ணில் தெரிந்த பச்சை

மக்காச்சோளக் கதிர் ஒடிக்கும்போது தோகை பட்டு என் கணவரின் வலது கண்ணில் கீறிவிட்டது. அவர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். லீவுக்கு அரும்பாவூர் வந்த மனுசனைச் சோளக்காட்டுக்கு இழுத்துப் போனது நான்தான். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. கண்ணில் ஏதாவது பட்டால் தாய்ப்பால் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பதற்றத்தில் நானும் விட்டேன். மறுநாள் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, திறக்கவே முடியவில்லை.

பெரம்பலூரில் கண் டாக்டரம்மா, "கண்ணுல எதாவது விட்டீங்களா?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் இவர், "தண்ணி மட்டுந்தாங்க," என்றார். பி.எஸ்சி. படித்த எனக்கும் உண்மையைச் சொல்ல வெட்கம்.

டாக்டர் ஆரஞ்சுச் சாயம் தோய்ந்த காகிதத் துண்டை இமையோரம் ஒற்றினார். நீல விளக்கைப் போட்டு, கருவி வழியே என்னையும் பார்க்கச் சொன்னார். கருவிழியின் நடுவில் கோணலாக ஒரு கோடு, பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தது.

"இந்தச் சாயம் நீல வெளிச்சத்த வாங்கிக்கிட்டு பச்சையா திருப்பிக் குடுக்கும்மா. காயம் இருக்கிற எடத்துலதான் ஊறி நிக்கும். மத்த எடத்துல கண்ணீரோட போயிடும்."

"லாரி ஓட்டலாங்களா?" என்றார் இவர்.

"மொதல்ல ஆறட்டும். சீழ் வச்சா பார்வையே போயிடும்."

மருந்துக்கடை வாசலில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது! திரும்ப உள்ளே ஓடி, "டாக்டர், நான் தாய்ப்பால் விட்டேங்க," என்றேன். அவர் திட்டவில்லை. புண்ணிலிருந்து துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், மருந்தை மாற்றி எழுதினார், தினமும் வரச் சொன்னார்.

நான்கு நாளும் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் கருவியில் அந்தப் பச்சையைத்தான் தேடினேன். ஐந்தாம் நாள் நீல விளக்கில் எங்குமே பச்சை இல்லை. "ஆறிடுச்சும்மா," என்றார் டாக்டர். அங்கேயே அழுதுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டேன்: "அன்னைக்கு எதுக்குங்க தண்ணின்னு பொய் சொன்னீங்க?"

"கண்ணு போயிருந்தா, பொண்டாட்டிதான் கெடுத்தான்னு ஊரே பேசும்ல புள்ள. அதான்."

"அட கூறுகெட்ட மனுசா!" என்று கத்திவிட்டேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவர் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.