நாலு கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு நாள்

இரண்டு நாள் அடுப்பைப் பார்க்கக் கூடாது என்பதுதான் நான் கேட்டது. மலை வேண்டும், கடல் வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்கான வயர் கட்டுகள் செய்யும் கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. என் வீட்டுக்காரர் அதே பேட்டையில் இரும்பு ஆலை ஒன்றில் கிரேன் பராமரிப்பில் இருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் ஆளுக்கொரு ஷிப்டில் ஓடுகிறோம். ஞாயிறு வந்தால் துணி துவைக்கிறேன். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்றரை. சனிக்கு லீவு போட்டு, சென்னையில் ஒரு ஓட்டலில் சனியும் ஞாயிறும் தங்குவது என்று ஒரு மாதமாகப் பேசி வைத்திருந்தோம். கடைசி வாரத்தில் அவருக்கு ஞாயிறு மதிய ஷிப்ட் போட்டுவிட்டார்கள்.

"ஹைவேஸ்ல புதுசா ஒரு ஓட்டல் கட்டிக்கினு இருந்தாங்களே, அதுல நீச்சல் குளம்கூட இருக்குதாம். இங்கயே போலாம், ஷிப்டுக்கும் டைம்ல வந்துரலாம்" என்றார்.

எங்கள் மாடியில் துணி உலர்த்தும்போது அந்த ஓட்டலின் பெயர்ப்பலகை தெரியும். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். ஆலைகளுக்கு வரும் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்குவதற்காகக் கட்டியது. என் விடுமுறை ஷிப்டுக்கு வசதியாக அமைந்துவிட்டதில் அவருக்கு ஏக நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சமைக்க வேண்டாம் அல்லவா, சரி என்றேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பைகளையும் பைக்கில் அடுக்கிக்கொண்டு போய் இறங்கினோம். வரவேற்பில் இருந்த பெண் ஆதார் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். இதே ஊர்தானா என்று கேட்டாள். எனக்குக் கூசிப்போனது. மகள் முந்திக்கொண்டு, எங்கள் வீடு மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், மளிகைக் கடைக்கு மேல்மாடி என்று வழியே சொல்லிவிட்டாள். அதோடு விட்டாளா? லிஃப்டில் ஏறிய எல்லாரிடமும் அதையே சொன்னாள்.

அறை மூன்றாவது மாடியில். வெள்ளை வெளேரென்று விரித்த கட்டிலின்மேல் மகன் ஐந்தே நிமிடத்தில் கிரீம் பிஸ்கட்டோடு ஏறி நடந்தான். திரையை விலக்கினால் நேர் எதிரே இவருடைய ஆலையின் புகைபோக்கி. "அதோ பாரு நைனா, அப்பாவோட ஷெட்டு" என்று மகனைத் தூக்கிக் காட்டினார். அந்தக் குரலில் இருந்த குதூகலத்தைக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நீச்சல் குளத்துக்குப் போனால், நைலான் நீச்சல் உடை இல்லாமல் இறங்கக் கூடாது என்று காவலாளி தடுத்தார். பிள்ளைகள் இருவரும் ஒரே சுருதியில் அழுதார்கள். கடைத்தெருவில் வாங்கி வருகிறேன் என்று பைக்கை எடுத்தவர் ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். வழியில் வீடு வந்ததால் உள்ளே போய், மோட்டார் போட்டு, தொட்டியை நிரப்பிவிட்டு வந்தாராம். மகளுக்கென்று வாங்கிய ரோஜா நிற உடை மகனுக்குச் சரியாக இருந்தது. மகனுக்கு வாங்கியது யாருக்கும் ஆகவில்லை. அவன் ரோஜா நிறத்தில் ஆனந்தமாகத் தண்ணீரை அடித்தான். மகள் கரையில் உட்கார்ந்து என்னை முறைத்தாள். கடைக்குப் போனது நானா?

மதியச் சாப்பாட்டில் மேசை நிறைய வகைகள் இருந்தன. மகன் ரசம் சோறு கேட்டான். சூப் இருக்கிறது என்றார்கள். அவன் ரசத்திலேயே நின்றான். யாரோ மனம் இரங்கி, சமையல்காரர்கள் தங்களுக்கு வைத்திருந்த ரசத்தில் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்கள். அப்பாடா என்று நான் தட்டில் கை வைத்த நேரம் இவருடைய போன் அடித்தது. ஆலையில் ஒரு கிரேன் பாதி வழியில் நின்றுவிட்டதாம். வெளியூரில் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இவர் ஓட்டல் பெயரையே சொன்னார். போனை வைத்ததும் என் முகத்தைப் பார்க்காமல், "தோ, பக்கத்துலதான. அரை மணில வந்துர்றேன்" என்றார்.

திரும்பி வந்தபோது மணி ஐந்தரை. அதற்குள் நானும் பிள்ளைகளும் லிஃப்டில் எத்தனை முறை ஏறி இறங்கினோம் என்று எனக்கே தெரியாது. இன்டர்காமில் மகன் மூன்று பேரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டான். இவர் உள்ளே வந்து, கிரேன் சரியாகிவிட்டது என்று சிரித்தபடி, கிரீஸ் கையை வெள்ளைத் துண்டில் துடைத்தார்.

பிள்ளைகள் எதிரில் சண்டை போடுவதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. வீட்டில் என்றால் மாடிப்படிக்குப் போவோம். இங்கே அவரை அறைக்கு வெளியே நடைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். பேச வேண்டியதைப் பேசிவிட்டுத் திரும்பினால் கதவு சாத்திக் கிடந்தது. அட்டைச் சாவி உள்ளே, விளக்குக்காகச் சுவரில் செருகியபடி இருந்தது. தட்டினேன். உள்ளே கொண்டி விழும் சத்தம் கேட்டது.

அவர் கீழே போய்ச் சொல்ல, வரவேற்புப் பெண் வேறு அட்டை கொண்டுவந்து திறந்தாள். கதவு நான்கு விரல் அகலத்துக்குத்தான் நகர்ந்தது. இடுக்கில் மகளின் ஒரு கண், அதற்குக் கீழே மகனின் ஒரு கண்.

"சண்ட முடிஞ்சிதா?" என்றாள் மகள்.

"முடிஞ்சிது. தொற."

"பொய் சொல்ற. அப்பா மூஞ்சி இன்னும் அப்படியே கீது. முடிச்சிட்டு சொல்லு."

இடுக்கு மூடிக்கொண்டது. டிவி சத்தம் கூடியது. வெளியிலிருந்து கொண்டியை எடுக்க ஆள் வர வேண்டும், சிறிது நேரமாகும் என்றாள் அந்தப் பெண். எனக்குச் சன்னல் நினைவுக்கு வந்தது, வெந்நீர்க் கெட்டில் நினைவுக்கு வந்தது. இரண்டையும் தொடக் கூடாது என்று கதவோடு வாய் வைத்துக் கத்தினேன். "தொடல" என்று மகள் சலிப்போடு பதில் சொன்னாள். கதவில் முதுகைச் சாய்த்து நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண் நாகரிகமாக லிஃப்ட் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

ஆலைக்குப் போகாவிட்டால் நாளைக்கு அங்கே இருப்பவர்கள் மூஞ்சியில் எப்படி முழிப்பது என்று ஆரம்பித்தார். நானும்தான் வேலைக்குப் போகிறேன், இந்த இரண்டு நாளைத் தவிர உங்களிடம் என்ன கேட்டேன் என்றேன். அவர் கிரீஸ் படிந்த நகத்தைச் சுரண்டினார்.

"கூப்ட்டா எனக்கு நல்லாதான் இருக்குது" என்றார். "'நீ இல்லன்னா ஆவாதுப்பா'ன்றாங்க இல்ல."

பதினைந்து வருடமாக இந்த வேலை பார்க்கிற மனிதர். இதை அவர் என்னிடம் சொன்னது அன்றுதான். இரக்கம் வந்தது. கோபமும் போகவில்லை.

"இங்கயும் நீங்க இல்லன்னா ஆவல" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் கொண்டி விலகியது. நாங்கள் சமாதானமாகிவிட்டதால் அல்ல.

"தம்பி கட்டில்லயே ஒண்ணுக்குப் போய்ட்டாம்மா" என்றாள் மகள்.

லிஃப்ட் பக்கம் நின்ற பெண்ணுக்கும் அது கேட்டது. மெத்தையை மாற்ற வந்த இருவரிடமும் இவர் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். கிரீஸ் துண்டை நான் பாத்ரூமில் சோப்புப் போட்டுக் கசக்கினேன். விடுமுறையிலும் துவைத்தேன்.

மறுநாள் நாஷ்டா முடிந்ததும், கடை திறக்கும் நேரம் பார்த்து மகளையே கூட்டிக்கொண்டு போய் அளவு பார்த்து உடை வாங்கி வந்தார். அவரும் புதிதாக வாங்கிய நைலான் அரைக்கால் சட்டையோடு குளத்தில் இறங்கி, மகளை ஒரு தோளிலும் மகனை ஒரு தோளிலும் தொங்கவிட்டு அங்குமிங்கும் நடந்தார். கரையில் என் பக்கத்திலிருந்த அவருடைய போன் அடித்தது. ஷிப்ட் மேலாளர். நான் தூக்கிக் காட்டினேன். அவர் பார்த்தார்.

"கை ஈரமா இருக்குது, உடு" என்றார்.

எனக்காகச் சொன்னாரா, நிஜமாகவே கை ஈரத்துக்காகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. போன் அடித்து ஓய்ந்தது.

பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்தோம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் இருவரும் பாயில் சுருண்டு தூங்கிவிட்டார்கள். அவர் யூனிபார்ம் மாட்டிக்கொண்டு வாசலில் ஷூ கட்டியபடி, அடுத்த மாதம் எந்த வாரம் உனக்கு லீவு கிடைக்கும் என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.