மல்லாட்டைச் செடி போட்ட ஜாக்கெட்டு

திண்டிவனம் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில், செல்போன் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே, ஒரே ஒரு ஷட்டர் அகலத்தில் இருக்கிறது பூமாலையின் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை. உள்ளே முக்கால்வாசி இடத்தை மிஷினே அடைத்துக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் பழுப்பேறிப்போன ஒரு பழைய கம்ப்யூட்டர். எந்தப் பூவை எங்கே தைக்க வேண்டும் என்று மிஷினுக்குச் சொல்வது அந்தக் கம்ப்யூட்டர்தான். புது கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றால் மிஷினோடு வந்த சாஃப்ட்வேர் அதில் ஏறாது. அதனால் பூமாலை தினமும் காலையில் அதைத் துடைத்து, ஊதுவத்தி காட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு டீ வாங்கப் போவாள். திரும்பி வரும்போதுதான் அது முழுசாக விழித்திருக்கும்.

பூமாலைக்குக் கிளியனூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போனவர்கள். லீவு நாளில் அவளும் கூடப் போய் வேர்க்கடலை ஆய்ந்திருக்கிறாள்; அந்தப் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். பத்தாவது முடித்ததும் புதுச்சேரிப் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நூல் அறுந்தால் கோத்து விடுவதுதான் முதலில் அவள் வேலை. அப்படியே பார்த்துப் பார்த்து மிஷினை ஓட்டவும் பழகிவிட்டாள். கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனார்கள். பூமாலை மட்டும், "இந்தப் பழைய மிஷினை இன்னா பண்ணப் போறீங்க?" என்று மேனேஜரிடம் போய்க் கேட்டாள். அப்படி வந்ததுதான் மிஷினும் கம்ப்யூட்டரும். கொத்தனார் வேலை பார்க்கும் அவள் கணவர் சவுரிராயன், கூட்டாளிகளோடு ஒரு டெம்போ பிடித்து, இரண்டையும் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்து இறக்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வல்லத்திலிருந்து ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் கடைக்கு வந்தார்கள். பெண் பெயர் சங்கவி. விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். அம்மா சின்னபொண்ணு, முகூர்த்த ஜாக்கெட்டுக்கான அரக்குக் கலர் பட்டுத் துணியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, கொல்லையில் இறங்கிய வெட்டுக்கிளியைப் பார்ப்பதுபோல மகளைப் பார்த்தார்.

"நீங்களே கேளுங்கம்மா இவளை. முதுகுல மல்லாட்டைச் செடி போடணுமாம்."

பூமாலை சிரித்துவிட்டாள். "மல்லாட்டையா?"

"ஆமாங்க்கா," என்றாள் சங்கவி. "மயிலு, யானை, பல்லாக்கு, எல்லா பொண்ணுங்க முதுகுலயும் அதேதான் இருக்குது. எங்க கொல்லையில மயிலு வந்தா எங்கப்பா கல்லெடுத்து அடிப்பாரு. நான் எதுக்கு அதை முதுகுல தூக்கணும்?"

"பாத்தவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றார் சின்னபொண்ணு. "மாப்பிள்ள வூட்ல இன்னா நெனப்பாங்க?"

சங்கவியே அந்தச் செடியை வரைந்திருந்தாள். அவளோடு வேலை செய்யும் கவிதாவின் அண்ணன் அதை மிஷின் படிக்கிற மாதிரி டிசைனாக மாற்றிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு வந்த பென் டிரைவ் புத்தம் புதியது. பெரிய கொள்ளளவு, பளபளவென்று இரும்பு உடம்பு.

பூமாலை அதை வாங்கிக் கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் செருகினாள். டுக் என்று ஒரு சத்தம். இந்தப் பொருளை எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து மறைந்தது. எடுத்து, ஊதி, மறுபடி செருகினாள். மறுபடியும் அதேதான்.

"போச்சா?" என்றார் சின்னபொண்ணு. குரலில் கவலையைவிட ஆசை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

"இருங்கம்மா. முன்பக்க ஓட்டைக்கு கரண்ட் சரியா வராது. பின்னாடி போட்டுப் பாப்போம்."

பூமாலை தரையில் மண்டியிட்டு, வயர்களுக்கு நடுவே கையை விட்டு, பின்பக்கம் செருகினாள். இந்த முறை திரையில் வேறொரு கட்டம் வந்தது. இந்த டிரைவ் ஃபார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று கேட்டது. வேண்டும், வேண்டாம் என்று கீழே இரண்டு பொத்தான்.

சங்கவி மவுஸை நகர்த்தினாள். "செய்னு குடுத்துடலாமாக்கா? செஞ்சாதானே தெறக்கும்?"

"கை எடு பாப்பா!" பூமாலை போட்ட சத்தத்தில் வளையல் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அது தெறக்காது. உள்ள இருக்கறது மொத்தத்தையும் தொடச்சிடும்."

சங்கவியின் கை அப்படியே நின்றது. "அக்கா, என் நிச்சயதார்த்த போட்டோ எல்லாம் இதுலதான் இருக்குது. போன் ரிப்பேராயி, சர்வீஸ்ல எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் குடுத்தாங்க. அதுக்கு முந்தி இதுல ஏத்தி வச்சேன். வேற எங்கயும் இல்லக்கா."

பூமாலையே மவுஸை வாங்கி, 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு, பென் டிரைவை மெதுவாக உருவினாள். ஒரு கல்யாணத்தின் சந்தோஷம் முழுக்க கையில் இருப்பதுபோல அதை ஒரு கர்சீப்பில் வைத்தாள். பிறகு கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பிரவீன்குமாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"தம்பி, ஒரு புது பென் டிரைவு. முன்னாடி போட்டா தெரியலன்றது, பின்னாடி போட்டா ஃபார்மேட் பண்ணவான்றது."

"அழுத்திட்டீங்களாக்கா?"

"இல்லப்பா."

"நல்லதா போச்சு. பென் டிரைவு கெட்டிருக்காதுக்கா. பெருசா வர்ற புதுசெல்லாம் வேற மாதிரி ஃபார்மேட்ல வருது. உங்க கம்ப்யூட்டர் பொறந்தப்ப அது கெடையாது. அதான் காலின்னு நெனச்சுக்கினு கேக்குது. அந்தப் பொண்ணு போன்ல போட்டுப் பாருங்க. தெறந்துச்சுன்னா, உங்க பழைய சின்ன பென் டிரைவுல டிசைனை மட்டும் மாத்திக்கினு போடுங்க."

செல்போன் கடையில் போனோடு பென் டிரைவை இணைக்கும் குட்டி கனெக்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள் பூமாலை. சங்கவி செருகினாள். மூவரும் போன்மேல் தலையைக் கவிழ்த்தார்கள். நிச்சயதார்த்தத்தில் எடுத்த படங்கள் வரிசையாக வந்தன. சங்கவி மூச்சை விட்டாள். முதல் வேலையாக எல்லாவற்றையும் போனில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளச் சொன்னாள் பூமாலை. டிசைனும் அங்கேயே இருந்தது. அதையும் போனுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

இனி வேண்டியது பழைய சின்ன பென் டிரைவ். கடைக்கென்று ஒன்று இருந்தது. அது மேசை டிராயரில் இல்லை. எங்கே இருக்கும் என்று பூமாலைக்குத் தெரியும். போனை எடுத்தாள்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"சாரத்து மேல," என்றார் சவுரிராயன். பின்னால் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

"கடை பென் டிரைவு உங்க ஸ்பீக்கர்லதானே பாடிக்கினு இருக்குது? அதை எடுத்துக்கினு ஜல்தி வாங்க. ஒரு கல்யாண ஜாக்கெட்டு நிக்குது."

"பாட்டு நின்னா பசங்க கரண்டியைக் கீழ போட்டுடுவானுங்க பூமா. பேஜாரா பூடும்."

"நீங்க பாடுங்களேன்."

"நான் பாடினா சாரமே சரிஞ்சிடும்," என்றார். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அவருடைய டிவிஎஸ் சந்து முனையில் கேட்டது. உடம்பெல்லாம் சிமெண்டு. பட்டுத் துணி இருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல், வாசலில் நின்றபடியே கையை நீட்டினார்.

"பாட்டை அழிச்சிடாத பூமா. தேடித் தேடி ஏத்தினது."

"ஒண்ணும் ஆவாது. இந்த டிசைனு அரிசி அளவுதான். ஓரமா உக்காந்துக்கும்."

பழைய பென் டிரைவில் டிசைனை ஏற்றி, மறுபடி மண்டியிட்டுப் பின்பக்கம் செருகினாள். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்தது. பிறகு பாட்டுகளின் நடுவே சங்கவியின் டிசைன் தெரிந்தது. வாசலில் நின்ற சவுரிராயன் கைதட்டினார். சிமெண்டுத் தூசி பறந்தது.

டிசைனைத் திறந்ததும்தான் அடுத்த சிக்கல் தெரிந்தது. செடி சரியாக வந்திருந்தது, கலர் மட்டும் அலங்கோலம். இலை ஊதா, பூ நீலம், காய் ரோஸ்.

"ஐயோ, நான் இப்படிக் குடுக்கலக்கா," என்றாள் சங்கவி.

"பயப்படாத. இந்த மாதிரி ஃபைலு தையலை மட்டும்தான் கொண்டாரும், கலரைக் கொண்டாராது. நாமதான் ஒவ்வொண்ணா நூலு சொல்லணும்."

பூமாலை நூல்கண்டுப் பெட்டியைத் திறந்து வைத்தாள். சங்கவி ஒரு பச்சையை எடுத்தாள். அதுவரை பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சின்னபொண்ணு எழுந்து வந்தார்.

"அது நெல்லுப் பச்சைடி. மல்லாட்டை எலை அப்படியா இருக்கும்?" பெட்டிக்குள் கையை விட்டு, ஒவ்வொரு கண்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "பூவுக்கு இந்த மஞ்சள். செடியில ஊசியாட்டம் விழுது எறங்குது பாரு, பூவுலேர்ந்து மண்ணுக்கு, அதுக்கு வெளுத்த செவப்பு வையி. காய்க்கு இது."

"மண்ணுக்கு?" என்று கேட்டாள் பூமாலை. செடிக்கு அடியில் மண்ணுக்கென்று தனியாக ஒரு பட்டை தைக்கும்படி டிசைனில் இருந்தது.

சின்னபொண்ணு அரக்குத் துணியை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மண்ணு எதுக்கும்மா? துணியே எங்க கொல்லை மண்ணாட்டம்தான் இருக்குது. அதை வுட்டுடேன்."

பூமாலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கம்பெனியில் எத்தனையோ டிசைன் பார்த்திருக்கிறாள், இது அவளுக்குத் தோன்றவில்லை. மண்ணுக்குரிய தையலை மட்டும் நீக்கிவிட்டு, முதலில் ஒரு கழிவுத் துணியில் ஓட்டிக் காட்டினாள். ஊசி டகடகவென்று இறங்க இறங்க, தண்டு வந்தது, இலை வந்தது. "மேல வெயிலு படுற எலைக்கு இன்னும் கொஞ்சம் வெளுப்பா வைக்கலாமா?" என்று கேட்டது சின்னபொண்ணுதான். வேலைக்குத் திரும்புமுன் சவுரிராயன் வாங்கிக் கொடுத்த காபி ஆறிப்போனது. சங்கவி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது சின்னபொண்ணு சொன்னார்: "நீயும் வூட்டுக்காரரும் கல்யாணத்துக்கு வரணும். ஏதோ கூப்புட்டேன்னு இல்ல. வரணும்."

போனார்கள். சவுரிராயன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வல்லத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் நல்ல கூட்டம். தாலி கட்டி முடிந்து சங்கவி திரும்பி உட்கார்ந்தபோதுதான் முதுகு தெரிந்தது. அரக்குத் துணிக்குள் காய்கள் புதைந்திருக்க, மேலே மஞ்சள் பூக்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா குப்பம்மாள் பக்கத்தில் போய்க் குனிந்து, இலைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"காம்புக்கு நாலு எலை. கரெக்டா வச்சிருக்காளே! யாரு தச்சது?"

சின்னபொண்ணு கூட்டத்துக்குள் புகுந்து பூமாலையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார். "இவங்கதான். கலரு மட்டும் நானு." அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துப் பூமாலை சிரித்துக்கொண்டு நின்றாள்.

சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பெண் வந்து நம்பர் கேட்டாள். அவள் பெயர் கலைப்பிரியா. அவளுக்குத் தை மாதம் கல்யாணமாம்.

"கேப்பைக் கதிரு போட முடியுமாக்கா?"

"நீ படம் வரைஞ்சு எடுத்துக்கினு வா," என்றாள் பூமாலை.

திரும்பி வரும் பஸ்ஸில் சவுரிராயன் தூங்கிவிட்டார். பூமாலை ஜன்னலோரம் உட்கார்ந்து, விரல்களைப் போல உள்ளே மடங்கிய கேழ்வரகுக் கதிரை எந்தத் தையலில் கொண்டுவருவது என்று விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.